ஏ.ஏ.பி. கார்டு: பழைய கார்ட்டூன்களின் முகப்பில் வரும் மூன்றெழுத்து பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாப்பாய், பக்ஸ் பன்னி கார்ட்டூன்களின் பழைய பிரதிகளைச் சேர்ப்பவர்களும், வீட்டில் 16 மி.மீ. பிரிண்ட் (திரையிடும் படச்சுருள் பிரதி) வைத்திருப்பவர்களும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே கீழே தொகுத்திருக்கிறோம். முன்பு சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் இருக்கப் பார்த்திருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

கார்ட்டூன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஏ.ஏ.பி.னு மூணு எழுத்து வருதே, அவங்கதான் இதை எடுத்தாங்களா?

இல்லை. அசோசியேட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் புரொடக்‌ஷன்ஸ் என்ற பெயரின் சுருக்கம்தான் ஏ.ஏ.பி. பெயரில் 'புரொடக்‌ஷன்ஸ்' இருந்தாலும் இந்தக் கார்ட்டூன்களில் ஒரு சட்டகத்தைக்கூட (ஃபிரேம்) அவர்கள் வரையவில்லை. அவர்கள் தொலைக்காட்சி விநியோகஸ்தர்கள். திரையரங்குகளுக்காக எடுத்த பழைய படங்களை மொத்தமாக வாங்கி, அமெரிக்காவின் உள்ளூர் தொலைக்காட்சி நிலையங்களுக்கு 16 மி.மீ. பிரிண்டாக வாடகைக்கு விட்டார்கள்.

பக்ஸ் பன்னியை எடுத்தது வார்னர் பிரதர்ஸ். பாப்பாய் கார்ட்டூன்களை முதலில் ஃபிளைஷர் ஸ்டூடியோவும், 1942-க்குப் பிறகு ஃபேமஸ் ஸ்டூடியோவும் தயாரித்தன. இரண்டுக்குமே பாரமவுண்ட்தான் வெளியீட்டாளர்.

இந்தக் கம்பெனி எத்தனை வருஷம் இருந்துச்சு?

எலியட் ஹைமன் என்பவர் 1948-இல் தொடங்கினார். இடையில் கைமாறி, பெயர் மறைந்து, மறுபடி வந்தது. நாம் திரையில் பார்க்கும் கார்டு, அதாவது அந்த மூன்றெழுத்து வரும் பெயர்ப்பலகை, 1956-இல் பிறந்தது. அந்த ஆண்டுதான் வார்னரின் பழைய படங்களும் பாப்பாயும் அவர்கள் கைக்கு வந்தன. 1958-இல் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் கம்பெனியையே வாங்கிவிட்டது. ஆக, முழு வீச்சில் நடந்தது ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள்தான். ஆனால் அப்போது பதித்த கார்டு அடுத்த நாற்பது ஆண்டுகள் ஒளிபரப்பில் இருந்தது. பிரிண்டுகள் மாறவில்லை, முதலாளிகள்தான் மாறினார்கள்.

வார்னர் ஏன் தன்னோட படத்தையே வித்தாங்க? பைத்தியக்காரத்தனமா இல்ல?

இன்றைக்கு அப்படித்தான் தோன்றும். 1950களின் நிலைமை வேறு. வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்து திரையரங்குக் கூட்டம் குறைந்துகொண்டிருந்தது. வீடியோ கேசட்டோ டிவிடியோ கிடையாது. ஒருமுறை ஓடி முடிந்த படம் கிடங்கில் கிடக்கும் பெட்டி, அவ்வளவுதான். 1955 டிசம்பரில் ஆர்.கே.ஓ. ஸ்டூடியோ தன் படக் களஞ்சியத்தை ஒரு குளிர்பானக் கம்பெனியோடு சேர்ந்த சி. அண்ட் சி. நிறுவனத்துக்கு விற்றதும் மற்ற ஸ்டூடியோக்களும் அசைந்து கொடுத்தன.

1956-இல் வார்னர், 1950-க்கு முந்தைய தன் படங்களை 2 கோடியே 10 லட்சம் டாலருக்கு விற்றது. சுமார் 750 முழுநீளப் படங்கள், அவற்றோடு குறும்படங்கள், 300-க்கு மேற்பட்ட கார்ட்டூன்கள். வாங்கியது பி.ஆர்.எம். என்ற முதலீட்டு நிறுவனம்; அதன் விநியோகக் கரம்தான் ஏ.ஏ.பி. 'காசாபிளாங்கா' (1942) உட்படப் பெரிய படங்கள் எல்லாம் இந்த மூட்டையில் போயின. என்னைக் கேட்டால், சினிமா வரலாற்றில் மிக மலிவாகப் போன சொத்துகளில் இது ஒன்று.

ஒரே பக்ஸ் பன்னிதானே? சில கார்ட்டூன்ல மட்டும் ஏ.ஏ.பி. வருது, சிலதுல வரவே இல்லையே?

கார்ட்டூன்களுக்கு எல்லைக்கோடு 1948 ஆகஸ்ட் 1. அந்தத் தேதிக்கு முன் வெளியான வண்ணக் கார்ட்டூன்கள் ஏ.ஏ.பி.க்குப் போயின. பின்னால் வந்தவை வார்னரிடமே தங்கின. நடிகர் சங்கம் உள்ளிட்ட ஹாலிவுட் தொழிற்சங்கங்கள், அந்தத் தேதிக்குப் பின் எடுத்த படங்களைத் தொலைக்காட்சிக்குக் கொடுத்தால் கூடுதல் ஊதியம் வேண்டும் என்று நின்ற காலம் அது. அதனால் 'நாற்பத்தெட்டுக்கு முன், பின்' என்ற பிரிவு ஹாலிவுட் முழுக்கவே புழங்கியது.

வார்னரின் லூனி ட்யூன்ஸ் கார்ட்டூன் தொடரில் கறுப்பு வெள்ளைப் படங்களின் மூட்டை தனி. 1955-லேயே கில்ட் ஃபிலிம்ஸ் என்ற இன்னொரு தொலைக்காட்சி விநியோக நிறுவனம் அதைக் கொண்டுபோய்விட்டது. அதனால் 1930களின் கறுப்பு வெள்ளை போர்க்கி பன்றி படத்தில் ஏ.ஏ.பி. கார்டைத் தேட வேண்டாம்.

கார்டு எப்படி இருக்கும்? எல்லாத்துலயும் ஒரே மாதிரிதானா?

அடிப்படை ஒன்றுதான். ஆங்கிலச் சின்ன எழுத்தில் புள்ளி வைத்த ஏ.ஏ.பி., அதோடு கம்பெனியின் முழுப் பெயர், 'வழங்கும்' என்ற சொல். சில விநாடி வந்து போகும். பாப்பாய்க்கு ஒன்று, வார்னர் கார்ட்டூனுக்கு ஒன்று, முழுநீளப் படத்துக்கு ஒன்று எனக் கார்டுகள் வேறு வேறு.

வண்ணத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அன்று பெரும்பாலான வீடுகளில் கறுப்பு வெள்ளைப் பெட்டிதான், அதனால் வண்ணக் கார்ட்டூன்களும் கறுப்பு வெள்ளைப் பிரிண்டாகச் சுற்றின. வண்ணப் பிரிண்ட் என்றால் ஈஸ்ட்மன்கலர் வெளுத்துப்போயிருக்கும். நீலப்பச்சைச் சாயம் முதலில் போவதால் படம் முழுக்க ரோஜா நிறமாகத் தெரியும். அது கார்டின் நிறமன்று, பிரிண்டின் வயது.

பாப்பாய்ல பாரமவுண்ட் மலை எங்கே போச்சு?

அதை எடுத்துவிட வேண்டும் என்பது விற்பனையின் நிபந்தனை. 1933 முதல் 1957 வரை வந்த 230-க்கு மேற்பட்ட பாப்பாய் கார்ட்டூன்களை ஏ.ஏ.பி.க்குக் கொடுத்த பாரமவுண்ட், தன் மலைச் சின்னம் தொலைக்காட்சியில் தெரியக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியது. திரையரங்குக்காரர்களைப் பகைத்துக்கொள்ள ஸ்டூடியோக்கள் அஞ்சிய காலம். 'நாங்கள் காசு கொடுத்து ஓட்டிய படத்தை வீட்டுக்கு இலவசமாக அனுப்புகிறீர்களா' என்ற சண்டை அப்போது நடந்துகொண்டிருந்தது.

எனவே முன்னால் வந்த மலையும், முடிவில் வந்த பாரமவுண்ட் கார்டும் வெட்டப்பட்டன. முன்பக்கத்தில் அந்த இடத்தில் ஏ.ஏ.பி. கார்டு வந்தது. நன்றாகக் கவனித்தால் பல பிரதிகளில் கார்டுதான் புதிது, அதன் கீழே ஓடும் இசை பழையது என்பது தெரியும். மலைக்காக எழுதிய இசை வேறொருவர் பெயருக்குக் கீழே ஓடுகிறது. முடிவில் வெட்டு இன்னும் கரடுமுரடாக இருக்கும். இசை தன் கடைசிச் சுரத்துக்கு வரும் முன்பே படம் நின்றுவிடுவது போலத் தோன்றும் பிரதிகள் உண்டு.

இதில் உண்மையான இழப்பு மலைச் சின்னத்தோடு நிற்கவில்லை. வெளியான ஆண்டில் முகப்பு எப்படி இருந்தது, என்ன வாசகம் வந்தது என்ற சான்றும் அந்தச் சில அடிப் படச்சுருளோடு சேர்ந்து போய்விட்டது.

அப்போ வார்னர் கார்ட்டூன்ல மட்டும் வார்னர் கேடயம் அப்படியே இருக்கே?

வார்னர் அப்படி நிபந்தனை போடவில்லை. அதனால் ஏ.ஏ.பி. கார்டு பழைய முகப்புக்கு முன்னால் ஒட்டப்பட்டது. எதற்கும் பதிலாக வரவில்லை. முதலில் ஏ.ஏ.பி., பிறகு வார்னர் முகப்பின் வண்ண வளையங்களும் கேடயச் சின்னமும் வழக்கம்போல. வேடிக்கை என்னவென்றால், கில்ட் ஃபிலிம்ஸுக்குப் போன கறுப்பு வெள்ளைப் படங்களில் வார்னர் பெயர் அகற்றப்பட்டது. ஓராண்டு இடைவெளியில் அதே ஸ்டூடியோ இரண்டு விதமாக விற்றிருக்கிறது.

வார்னர் கார்ட்டூன் பலதுல டைரக்டர் பேரு, அனிமேட்டர் பேரு எதுவுமே இல்ல. ஏ.ஏ.பி. வெட்டிட்டாங்களா?

இந்தப் பழி அவர்கள் மேல் தவறாக விழுகிறது. வெட்டியது வார்னரே. 1943 முதல் 'ப்ளூ ரிப்பன்' என்ற பெயரில் பழைய கார்ட்டூன்களைத் திரையரங்குகளுக்கே மறுவெளியீடு செய்தார்கள். அப்போது மூலப் பெயர்ப்பட்டியலை எடுத்துவிட்டு, நீல நாடா வரைந்த புதிய முகப்பைப் பொருத்தினார்கள். பிரிண்டுகள் எடுக்கும் மூலச் சுருளான நெகட்டிவிலேயே செய்த வேலை. 1956-இல் ஏ.ஏ.பி. கைக்கு வந்ததே அந்தப் பெயரில்லாத வடிவம்தான்.

முகப்பில் நீல நாடா இருந்தால் வெட்டு திரையரங்கு மறுவெளியீட்டில் நடந்தது என்று கொள்ளலாம்.

கார்டு முடிஞ்சு படம் வர்ற இடத்துல சத்தம் தாவுது. பிரிண்ட் கெட்டுப்போச்சா?

பெரும்பாலும் இல்லை. 16 மி.மீ. பிரிண்டில் ஒலியும் படமும் பக்கம் பக்கமாக இருப்பதில்லை. ஒரு சட்டகத்துக்குரிய ஒலி அதற்கு 26 சட்டகம் முன்னால் பதிந்திருக்கும், ஏனென்றால் புரொஜெக்டரில் படம் நிற்கும் வாயிலும் ஒலி படிக்கும் உருளையும் தள்ளித் தள்ளி இருக்கின்றன. விநாடிக்கு 24 சட்டகம் என்றால் 26 சட்டகம் ஒரு விநாடிக்குச் சற்று மேல்.

நிலையத்து எடிட்டர் ஒருவர் கத்தரியால் ஒரு துண்டை எடுத்துவிட்டு இரு முனைகளையும் ஒட்டினால் என்ன ஆகும்? எடுத்த துண்டின் முதல் ஒரு விநாடி ஒலி, வெட்டுக்கு முந்தைய சட்டகங்களின் ஓரத்தில் தங்கிவிடும். அது அடுத்து வரும் படத்தின் மேல் ஒலிக்கும். வரவேண்டிய ஒலியில் ஒரு விநாடி துண்டோடு போயிருக்கும். தாவல் மிகச் சரியாக ஒரு விநாடி அளவில் இருந்தால் அது பிரிண்டைக் கையால் வெட்டி ஒட்டிய தடம்.

ஏ.ஏ.பி. செய்த மாற்றங்கள் நெகட்டிவ் அளவில் நடந்தவை. அங்கே ஒலியும் படமும் தனித்தனிச் சுருள், ஆகவே இந்த ஒரு விநாடிக் குழப்பம் வராது. கார்டுக்கும் படத்துக்கும் இடையில் ஒட்டு நாடாவோ சிமென்ட் ஒட்டோ தெரிந்தால் அது பிற்காலக் கைவேலை.

பெட்டி பூப்ல யு.எம். அண்ட் எம்.னு வருது. அதுவும் இதே கம்பெனியா?

வேறு கம்பெனி, இன்னும் அற்பாயுள். பாரமவுண்ட் தன் 1950 அக்டோபருக்கு முந்தைய குறும்படங்களை, பெட்டி பூப் கார்ட்டூன்கள் உட்பட, பாப்பாயும் சூப்பர்மேனும் நீங்கலாக, யு.எம். அண்ட் எம். டிவி கார்ப்பரேஷனுக்கு விற்றது. நிபந்தனை அதேதான்: பாரமவுண்ட் பெயர் தெரியக் கூடாது. இவர்கள் பெயர்ப்பட்டியலுக்குள்ளேயே கைவைத்தார்கள். காப்புரிமை வரியில் பாரமவுண்ட் இருந்த இடத்தில் தங்கள் பெயரைப் போட்டார்கள். டெக்னிகலர் போன்ற வண்ண முறைகளின் பெயரையும் மறைத்தார்கள்.

வேலை முடிவதற்குள் 1956-லேயே என்.டி.ஏ. என்கிற நேஷனல் டெலிஃபிலிம் அசோசியேட்ஸ் இவர்களை வாங்கிவிட்டது. மீதியை என்.டி.ஏ. தன் பெயரில் செய்தது. அதனால்தான் ஒரே தொடரில் சில படங்களில் யு.எம். அண்ட் எம்., சிலவற்றில் என்.டி.ஏ. என்று மாறி மாறி வருகிறது. 1950 அக்டோபருக்குப் பிந்தைய கேஸ்பர் என்ற குட்டிப் பேய் முதலான கார்ட்டூன்கள் 1959-இல் ஹார்வி காமிக்ஸுக்குப் போனது. அங்கே ஹார்வி முகப்பு.

என்கிட்ட ஒரு 16 எம்.எம். ரீல் இருக்கு. எந்தக் காலத்துப் பிரிண்ட்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

புரொஜெக்டரில் ஏற்றாதீர்கள். முதலில் முகர்ந்து பாருங்கள். காடி வாடை வந்தால் சுருளின் அடிப்பொருளான அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது. அந்தச் சுருளை மற்றவற்றோடு ஒரே டப்பாவில் வைக்கக் கூடாது. தீப்பிடிக்குமோ என்று கவலைப்பட வேண்டாம், அது பழைய 35 மி.மீ. நைட்ரேட்டுக்குரிய ஆபத்து.

பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பூதக்கண்ணாடியால் ஓரத்தைப் பாருங்கள். கோடாக் சுருள் என்றால் வட்டம், சதுரம், முக்கோணக் குறிகள் இருக்கும். இந்தக் குறிகள் 20 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். ஒற்றை வட்டம் 1936, 1956, 1976 மூன்றையும் குறிக்கும். ஏ.ஏ.பி. கார்டும் இருந்தால் 1936 அடிபட்டுப்போகும். மிஞ்சிய இரண்டில் எது என்று மற்ற தடயங்கள் சொல்லும். கறுப்பு வெள்ளைப் பிரிண்டில் குறி கறுப்பாக இருந்தால் பிரிண்டுக்குரியது. வெள்ளையாக இருந்தால் நெகட்டிவிலிருந்து ஏறி வந்தது, அந்த ஆண்டு நெகட்டிவின் ஆண்டு. இதைக் குழப்பிக்கொண்டு பிரிண்டைப் பத்து ஆண்டு பழையது என்று விலை பேசுபவர்கள் நிறைய.

அடுத்து நீளம். 16 மி.மீ. நிமிடத்துக்கு 36 அடி ஓடும். ஏழு நிமிடக் கார்ட்டூன் 252 அடி வர வேண்டும். 20 அடி குறைந்தால் அரை நிமிடத்துக்கு மேல் காணவில்லை என்று பொருள். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும்தான் முதலில் பாருங்கள்.

ஏ.ஏ.பி. போட்டிருந்தா காப்புரிமை முடிஞ்ச படம்னு சொல்றாங்களே, யூட்யூப்ல போடலாமா?

இந்த நம்பிக்கை தவறு. கார்டுக்கும் காப்புரிமைக்கும் தொடர்பில்லை. அமெரிக்காவின் 1909 சட்டப்படி காப்புரிமை 28 ஆண்டு. 28-ஆம் ஆண்டில் புதுப்பித்தால்தான் நீடிக்கும். ஏ.ஏ.பி.யை வாங்கிய யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் பெரும்பாலானவற்றைப் புதுப்பித்தது, சிலவற்றைத் தவறவிட்டது. 'எ கார்னி கான்செர்டோ', 'ஃபாலிங் ஹேர்' (இரண்டும் 1943) போன்றவை அப்படித்தான் காப்புரிமையற்ற பொதுச் சொத்தாயின. மலிவு விலை டிவிடி போட்டவர்கள் கையில் கிடைத்தது ஏ.ஏ.பி. பிரிண்ட். ஆகவே மக்கள் கண்ணில் இந்தக் கார்டும் மலிவு டிவிடியும் ஒட்டிக்கொண்டன.

புதுப்பித்த படங்களுக்கு அமெரிக்காவில் இப்போது 95 ஆண்டு. 1933-இன் பாப்பாய் கார்ட்டூனுக்கு அது 2028 இறுதியில் முடியும். படத்தைப் பொறுத்து ஒவ்வொன்றாகத் தேடிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. பாத்திரத்தின் வணிகமுத்திரை உரிமை தனி விஷயம்.

1930கள்ல வந்த பாப்பாய் கலர்ல இருக்கு. இது அபூர்வ பிரிண்டா?

இரண்டு ரீல் நீளமுள்ள மூன்று சிறப்புப் படங்கள் (1936, 1937, 1939) மட்டுமே அந்தப் பத்தாண்டில் வண்ணத்தில் எடுக்கப்பட்டவை. மற்றது எதுவாக இருந்தாலும் 1980களில், இவற்றின் உரிமை அப்போது கைமாறிப் போயிருந்த டர்னர் நிறுவனத்துக்காகக் கொரியாவில் அச்சுப்பார்த்து வரைந்து வண்ணம் பூசிய நகல். கோடு தடிமனாகவும் பின்னணி தட்டையாகவும் இருக்கும். நடுவில் அசைவுகள் விட்டுப்போயிருக்கும். அபூர்வம் அல்ல.

புது டிவிடியில ஏ.ஏ.பி. கார்டே இல்லையே. எப்போ எடுத்தாங்க?

படிப்படியாக. 2001-இல் கார்ட்டூன் நெட்வொர்க்கின் 'தி பாப்பாய் ஷோ', கார்ட்டூன் வரலாற்றாய்வாளர் ஜெர்ரி பெக் மேற்பார்வையில், பாரமவுண்ட் முகப்புகளைத் தேடிச் சேர்த்தும், கிடைக்காத இடத்தில் புனரமைத்தும் ஒளிபரப்பியது. 2007-இல் வந்த முதல் பாப்பாய் டிவிடி தொகுப்பில் மலை திரும்பி வந்தது. வார்னர் பக்கம் 2003 முதல் வந்த டிவிடி தொகுப்புகள் ஏ.ஏ.பி. பிரிண்டை விட்டுவிட்டு மேலான மூலங்களுக்குப் போயின.

நடுவில் இன்னொரு வடிவம் உண்டு. முடிவுக் கார்டில் 1995 டர்னர் என்றும் 'டப் செய்த பதிப்பு' என்றும் இருந்தால், அது டர்னர் தயாரித்த பதிப்பு. மூல முடிவுக் கார்டு அங்கே மாற்றப்பட்டிருக்கும்.

நானே மூல முகப்பைத் தேடி முன்னாடி ஒட்டிக்கலாமா?

சொந்தப் பார்வைக்குச் செய்யலாம். இரண்டு இடத்தில் கோளாறாகும். ஒன்று, வேகம். ஐரோப்பாவிலும் நம் நாட்டிலும் புழங்கிய பால் (PAL) தொலைக்காட்சி முறைப் பதிவு விநாடிக்கு 25 சட்டகம் ஓடும். ஏழு நிமிடப் படம் 6 நிமிடம் 43 விநாடியில் முடிந்துவிடும், சுருதியும் ஏறும். அமெரிக்கப் பதிவிலிருந்து எடுத்த முகப்பை அதன் முன்னால் வைத்தால் இசை இரண்டு சுருதியில் கேட்கும். இரண்டையும் 24-க்குக் கொண்டுவந்த பிறகே ஒட்டுங்கள்.

இரண்டு, காலம். ஃபிளைஷரின் கப்பல் கதவு முகப்பைக் கொண்டுபோய் 1950களின் ஃபேமஸ் ஸ்டூடியோ படத்துக்கு ஒட்டியவர்கள் உண்டு. வார்னர் வளையங்களின் நிறமும் ஆண்டுக்காண்டு மாறியது. அதே ஆண்டில், அதே தொடரில் வெளியான படத்தின் முகப்பு கிடைக்காவிட்டால் ஏ.ஏ.பி. கார்டையே விட்டுவிடுங்கள். அது உண்மையாக நடந்த ஒன்றின் சான்று. தப்பான முகப்பு அப்படியன்று. ஒட்டினால் கோப்பின் பெயரிலேயே 'முகப்பு புனரமைத்தது' என்று எழுதி வையுங்கள்.

இவ்வளவு கைமாறி, இப்போ யாருகிட்ட இருக்கு? பாப்பாய் பாரமவுண்டுக்கே போயிடுச்சா?

இல்லை, அங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஏ.ஏ.பி. 1958-இல் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸுக்கு; அதை 1981-இல் எம்.ஜி.எம். வாங்கியது, 1986-இல் டெட் டர்னர் எம்.ஜி.எம்.மை வாங்கி, பெரும்பகுதியை விற்றுவிட்டுப் படக் களஞ்சியத்தை மட்டும் வைத்துக்கொண்டார். 1996-இல் டர்னர் நிறுவனம் டைம் வார்னரோடு இணைந்தது. ஆக, வார்னர் விற்ற படங்கள் 40 ஆண்டு கழித்து வார்னருக்கே வந்தன. பாரமவுண்ட் விற்ற பாப்பாய் கார்ட்டூன்களும் அதே மூட்டையோடு வார்னரிடம் போய்விட்டன. பாப்பாய் பாத்திரத்தின் வணிகமுத்திரை மட்டும் கிங் ஃபீச்சர்ஸ் நிறுவனத்திடம்.

பாரமவுண்டுக்குத் திரும்பியது பெட்டி பூப் மூட்டை. என்.டி.ஏ. 1980களில் ரிபப்ளிக் பிக்சர்ஸ் என்று பெயர் மாற்றியது, அதை ஸ்பெல்லிங் நிறுவனம் வாங்கியது, ஸ்பெல்லிங் பாரமவுண்டின் அப்போதைய உரிமையாளரான வயகாம் குடும்பத்துக்குள் வந்தது.

எலியட் ஹைமன் பற்றியும் கேட்கிறார்கள். ஏ.ஏ.பி. போன பிறகு அவர் செவன் ஆர்ட்ஸ் நிறுவனத்தை நடத்தினார். 1967-இல் ஜாக் வார்னரின் பங்குகளை அந்நிறுவனம் வாங்கியது. வார்னரின் பழைய படங்களை 1956-இல் வாங்கிய மனிதர் பதினோரு ஆண்டில் அந்த ஸ்டூடியோவையே வாங்கினார். ஆனால் அந்தப் பழைய படங்கள் அப்போது அவரிடம் இல்லை. யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸிடம் இருந்தன.